உறுதிப் பையும் பயணப் பெட்டியும்: வாழ்க்கை திரும்பும் நேரத்தில் மனவடுவுக்குத் துணை தேட ஒரு முழுமையான வழிகாட்டி

மகனுக்குக் கனடா விசா வந்த அன்று அம்மா பிள்ளையார் கோயிலில் தேங்காய் அடித்தார். அயலுக்கெல்லாம் கேக் கொடுத்தார். பத்து நாள் கழித்து மகன் அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கித் தூசு தட்டி, விறாந்தையில் விரித்து வைத்து உடுப்பு அடுக்கத் தொடங்கினான். அன்றிரவு தொடக்கம் அம்மாவுக்கு நித்திரை இல்லை. இரண்டு மணிக்கு எழும்பிக் கேற் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். நெஞ்சு பதைக்கும், கை விறைக்கும். ஈசிஜி எடுத்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், எல்லாம் சரி. "ஒண்டுமில்லை அம்மா, மகன் போறார் எண்ட கவலைதான். யோசியாதேங்கோ" என்று அனுப்பிவிட்டார்கள்.

மகன் போவதைப் பற்றிக் கேட்டால் அவர் சிரித்துக்கொண்டேதான் கதைப்பார். அந்தப் பெட்டி கண்ணில் பட்டால்தான் முகம் மாறும். அவருடைய கட்டிலுக்குக் கீழே இன்னொரு பை இருந்தது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைப் பிரதிகள், ஒரு சோடிக் காப்பு, ஒரு டோர்ச். 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாண நகரையும் சேர்த்து வலிகாமமே எழும்பி மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது அவர் தோளில் கிடந்ததும் இப்படியொரு பைதான். திரும்பி வந்து, வீடு கட்டி, பெயின்ற் அடித்து, பேரப்பிள்ளை கண்ட பிறகும் அதை அவர் பிரிக்கவில்லை. அந்த வீட்டில் கடைசியாகச் சாமான் கட்டியது அந்த இரவில்தான் என்பது மகனுக்குத் தெரியாது. அப்போது அவன் பிறக்கவே இல்லை.

இது ஒருவருடைய கதை அல்ல. யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை செய்து வந்த வருடங்களில் பல வீடுகளில் கண்டதைக் கலந்து, ஆள் அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். கீழே வருகிற கல்யாணக் கதையும் அப்படித்தான்.

விசா, கல்யாணம், புது வீடு, பென்ஷன் என்று நல்ல மாற்றமே வந்தாலும் உடம்பு தன் பழைய கணக்கை எடுத்துப் பார்க்கும். அந்த நேரத்தில் பழைய கதையைத் தோண்டத் தொடங்குவது பெரிய பிழை. முதலில் உடம்பு அமர வேண்டும், வீடு அமர வேண்டும். கதை பிறகு வரும். வராமலும் போகலாம், அதனால் குறை ஒன்றும் இல்லை.

மனவடு என்பது

வடு என்றால் காயம் ஆறிய இடத்தில் நிற்கும் தழும்பு. கூதல் காலத்தில் பழைய எலும்பு முறிவு உழைவது போல, வாழ்க்கை ஒரு திருப்பத்துக்கு வரும்போது மனவடு உழையும். இதை அறிந்து உதவி செய்வதைத்தான் மனவடு அறிந்த அணுகுமுறை என்கிறோம். அது தனியொரு சிகிச்சையின் பெயர் இல்லை. எந்தச் சிகிச்சையையும், ஏன், ஒரு வகுப்பறையையும் கிளினிக்கின் பதிவு மேசையையும்கூட அப்படி நடத்தலாம். அமெரிக்காவின் அரச உளநல நிறுவனம் ஒன்று 2014 இல் இதற்கு ஆறு அடிப்படைகளை வகுத்தது. பாதுகாப்பு, ஒளிவுமறைவு இல்லாமை, ஒரே பாடு பட்டவர்களின் துணை, சேர்ந்து வேலை செய்தல், தெரிவு வருபவரிடமே இருத்தல், பண்பாட்டையும் வரலாற்றையும் ஆண் பெண் நிலையையும் கணக்கில் எடுத்தல். காகிதத்தில் வரட்சியாகத்தான் இருக்கிறது. நடைமுறையில், வருகிறவர் கதவுக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருப்பேன் என்றால் இருக்கட்டும் என்று விடுவதிலிருந்து அது தொடங்குகிறது.

ஜூடித் ஹேர்மன் என்ற உளமருத்துவர் 1992 இல் மீட்சியை மூன்று கட்டமாகப் பிரித்தார்: பாதுகாப்பு, நினைத்துத் துக்கித்தல், திரும்ப மனிசரோடு சேர்தல். இந்த வழிகாட்டியும் ஏறக்குறைய அந்த வழியில்தான் போகிறது. ஆட்கள் அப்படி வரிசையில் போவதில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதற்படி: ஒரு கொப்பித் தாளில் இரண்டு பக்கம்

ஒரு தாளின் நடுவே கோடு கீறுங்கள். இடப்பக்கத்தில் இந்த ஒரு வருடத்துக்குள் வீட்டில் மாறியதை, மாறப்போவதை எழுதுங்கள். மகள் கம்பஸுக்குக் கொழும்பு போகிறாள். அப்பா பென்ஷன் எடுத்துவிட்டார். இராணுவம் வைத்திருந்த காணி விடுபட்டது. அண்ணன் விவாகரத்து. சின்னவன் ஓஎல் பரீட்சையில் கணக்குப் பாடத்தில் தவறிவிட்டான். வலப்பக்கத்தில், முன்பு எப்போதாவது உடம்பு இதே மாதிரிப் பதறிய நேரங்களை எழுதுங்கள். விபரம் வேண்டாம், தலைப்பு மட்டும் போதும். "சாவகச்சேரி." "பங்கர்." "அண்ணா கடைக்குப் போனது." எழுத மனம் வராவிட்டால் ஒரு புள்ளி வையுங்கள், அதுவும் கணக்குத்தான்.

பிறகு எந்த மாற்றம் எந்தப் பழைய இடத்தைத் தொடுகிறது என்று பாருங்கள். தொடுப்பு பெரும்பாலும் சின்னப் பொருளில் இருக்கும். பெட்டி, வரிசை, படிவம், சீருடை, ஹெலியின் சத்தம், ஆள் வரப் பிந்துவது. வலிகாமம் வடக்கில் 27 வருடம் பார்த்திருந்து, 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகம் இராணுவத்திடமிருந்து விடுபட்டபோது அழுது கும்பிட்டுக்கொண்டு போனவர்கள் உண்டு. ஊர் கிடைத்தது. ஆனால் நினைவில் இருந்த ஊர் அங்கே இல்லை. கிணறு எது, மதில் எது என்று தெரியாமல் பற்றைக்குள் நின்றவர்களுக்கு வந்தது மகிழ்ச்சியா துக்கமா என்று அவர்களுக்கே பிடிபடவில்லை. அப்படிக் குழம்புவது இயல்பு.

நம்முடைய ஆட்கள் "மனம் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வருவது குறைவு. தலையிடி, நாரிநோ, நெஞ்செரிவு, உடம்பு உழைவு, பெருமூச்சு, "யோசினை கூடிப்போச்சு" என்றுதான் வருவார்கள். நடிப்பில்லை, உண்மையாகவே நோகும். பதகளிப்பும் ஏக்கமும் உடம்பின் வழியாகத்தான் கதைக்கும். பிள்ளைகளில் திரும்பப் படுக்கையில் சலம் போவது, பள்ளிக்கூடம் போகாமல் வயிற்றுக்குத்து என்று அழுவது, அம்மாவின் சட்டையை விடாமை. ஆண்களில் குடி, எரிச்சல், இரவிரவாகப் போனுக்குள் தலையை விட்டிருத்தல். கெட்ட கனவு, சட்டென்று திடுக்கிடுவது, சில தெருக்களையும் சில ஆட்களையும் சுற்றிப் போவது, எதிலும் ஒட்டாமை ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நின்று, சமையலையும் வேலையையும் படிப்பையும் குழப்பினால் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

இரண்டாவது: முதலில் ஆபத்தைப் பாருங்கள்

சாக வேண்டும் என்ற கதை, "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்ற பேச்சு, சாமான்களைப் பிரித்துக் கொடுத்தல், இரண்டு மூன்று நாள் சாப்பாடு நித்திரை இல்லாமை, இல்லாத குரல் கேட்டல். இவற்றில் ஒன்று இருந்தாலும் உளவளத்துணைக்கு நாள் எடுத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். இலங்கையில் அம்புலன்ஸ் இலக்கம் 1990. தேசிய உளநல உதவி இலக்கம் 1926, இரவு பகல் எடுக்கலாம். மனப்பாரத்தைக் கதைக்க 1333 உம் இருக்கிறது. வீட்டுக்குள் அடி உதை என்றால் பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929.

நேராகக் கேளுங்கள்: "சாக வேணும் போல யோசினை வருதோ?" கேட்டால் எண்ணம் புகுந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். கேட்ட உடனே அழுது, தோள் இறங்கி, "ஓம்" என்றவர்கள்தான் நான் கண்டவர்களில் அதிகம்.

தோட்டம் செய்கிறவர் வீடென்றால் பூச்சி மருந்துப் போத்தல்களை அன்றைக்கே பூட்டுங்கள் அல்லது வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். கடும் நஞ்சுள்ள மருந்துகளை 1990களில் படிப்படியாகத் தடை செய்த பிறகு, 1995 க்கும் 2005 க்கும் இடையில் இலங்கையின் தற்கொலை வீதம் பாதியாக இறங்கியது. கை எட்டும் தூரத்தில் போத்தல் இல்லை என்றாலே பல உயிர் தப்பும்.

மூன்றாவது: ஆரிட்டைப் போறது?

உளமருத்துவர் என்பவர் மருந்து எழுதக்கூடிய வைத்தியர். உளவளத்துணையாளர் கதைத்து, கேட்டு, பயிற்சி தந்து கூட நடப்பவர். இரண்டு பேரும் தேவைப்படலாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன, காசு இல்லை. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரை விசாரிக்கலாம். சாந்திகம் 1980களின் போர்க்காலத்திலேயே தொடங்கி இன்றும் நடக்கிற உளவளத்துணை நிறுவனம். இங்கே உளமருத்துவராகவும் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் இருந்த தயா சோமசுந்தரம், காயம் தனி ஆளில் மட்டும் நிற்பதில்லை, குடும்பத்திலும் ஊரிலும் நிற்கும் என்று நீண்ட காலமாக எழுதி வந்தவர். இந்த மண்ணில் துணை செய்கிற எவரும் அந்தப் பார்வைக்குக் கடன்பட்டவர்கள்தான்.

"கிளினிக்குக்குப் போனால் விசர் எண்டு சொல்லுவினம்" என்ற பயம் இன்னும் போகவில்லை. கலியாணம் பேசுகிற வயதில் பிள்ளை இருந்தால் இன்னும் கூட. அதற்காக வேறு ஊர்க் கிளினிக்குக்குப் போகிறவர்கள் உண்டு. போங்கள், அதில் வெட்கம் என்ன.

போகும் இடத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். நான் சொல்லுறதை எழுதுவீங்களோ, ஆர் அதை வாசிப்பினம்? எனக்குக் கதைக்க ஏலாட்டி என்ன செய்வீங்கள்? இடையில நிப்பாட்டலாமோ? நல்ல துணையாளர் இவற்றுக்குக் கோபிக்க மாட்டார், சந்தோசப்படுவார். "உயிருக்கு ஆபத்து எண்டால், பிள்ளைக்கு ஆபத்து எண்டால் மட்டும் மற்றாக்களுக்குச் சொல்லுவன்" என்று எல்லையையும் சொல்லுவார்.

ஒரே நாளில் மாற்றித் தருகிறேன் என்பவர், கதவைப் பூட்டிக்கொள்பவர், முதல் நாளே "எல்லாத்தையும் கொட்டுங்கோ" என்பவர், செய்தவனை மன்னியுங்கள் என்று அவசரப்படுத்துபவர், இவர்களிடமிருந்து எழும்பி வாருங்கள். அசம்பாவிதம் நடந்த கையோடு ஆட்களை இருத்தி, ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் பழக்கம் ஒரு காலத்தில் பெரிதாக இருந்தது. அது உதவாது, சிலருக்குக் கெடுதல் என்று ஆய்வுகள் காட்டிய பிறகு உலக சுகாதார நிறுவனமும் வேண்டாம் என்றுவிட்டது.

நான் விட்ட பிழை

இதை நான் ஆய்வுகளில் படிப்பதற்கு முதலே ஒரு அம்மாவிடம் படித்தேன். பயிற்சி முடித்த புதிது. நான் அப்போது வேலை செய்த இடத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்று கணக்குக் கேட்பார்கள். அந்த அம்மா மகளின் பிரசவத்துக்குப் பிறகு நித்திரை இல்லை என்று வந்தார். "வன்னியில என்ன நடந்தது அம்மா, ஆறுதலாச் சொல்லுங்கோ" என்றேன். சொன்னார். இரண்டு மணித்தியாலம். நடுவில் அவருடைய கண் என்னைப் பார்க்காமல் சுவரில் ஒரு இடத்தைப் பார்க்கத் தொடங்கியதைக் கண்டேன். விரல்கள் சேலைத் தலைப்பைச் சுற்றிச் சுற்றி இறுக்கின. குரல் ஒரே சுருதியில் போனது. நல்லாக் கதைக்கிறா என்று நினைத்தேன். அவர் அப்போது அந்த அறையிலேயே இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை. போகும்போது செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு போனார். பிறகு வரவேயில்லை.

இன்றைக்கு அவர் வந்தால் பிள்ளையைப் பற்றிக் கேட்பேன். பேரப்பிள்ளைக்குத் துடக்குக் கழித்தாச்சோ, ஆர் சமைக்கிறது, இரவில ஆர் எழும்புறது. கண் சுவருக்குப் போனால் அந்த இடத்திலேயே கதையை நிறுத்தி, "அம்மா, இந்தத் தண்ணியைப் பிடியுங்கோ, கூலா இருக்கோ?" என்பேன்.

நான்காவது: உடம்பை இங்கே கொண்டுவருதல்

கதைக்கு முதல் உடம்பு பழக வேண்டும். நிலத்தில் இரண்டு பாதத்தையும் பதித்து இருங்கள். மூச்சை உள்ளே எடுப்பதிலும் வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும், உள்ளே மூன்று எண்ணினால் வெளியே ஐந்து. இழுத்து அடக்க வேண்டாம். பங்கருக்குள் மூச்சுத் திணறிய அனுபவம் உள்ளவர்களுக்கு மூச்சுப் பயிற்சியே பயத்தைக் கிளப்பும். அவர்களுக்கு மூச்சை விட்டுவிட்டுக் கை வேலைதான் நல்லது. அம்மியில் அரைப்பது, பூக் கட்டுவது, முற்றம் கூட்டுவது. கண்ணை மூடச் சொல்லியும் கட்டாயப்படுத்தக் கூடாது. கண் மூடினால் படம் ஓடும் ஆட்கள் இங்கே நிறைய.

கண்ணால் ஐந்து பொருள், தொட்டு நாலு, காதால் மூன்று, மூக்கால் இரண்டு, நாக்கால் ஒன்று என்று எண்ணுவது எல்லா நாட்டிலும் சொல்லிக் கொடுக்கிற பயிற்சி. யாழ்ப்பாணத்து முற்றத்தில் அது சுலபம். பனை, கிணற்றுத் துலா, கொடியில் காயும் துவாய், செவ்வரத்தை, அயலவர் மோட்டச் சைக்கிள். வேலியோலையைத் தொடு, கோயில் மணியைக் கேள், மோரை ஒரு வாய் குடி. "இது 1995 இல்லை, இது இண்டைக்கு, செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நாலு மணி" என்று வாய்விட்டுச் சொல்வது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். வேலை செய்யும்.

ஜெபமாலை உருட்டுகிறவர் அதையே செய்யட்டும். "ஓம் நமசிவாய" சொல்கிறவர் அதை மூச்சோடு சேர்க்கட்டும். திக்ர் செய்கிறவர், அதாவது இறைவன் பெயரைத் திரும்பத் திரும்ப ஓதுகிற முஸ்லிம், அதைத் தொடரட்டும். சவாசனம் தெரிந்தவருக்கு வேறு தளர்வுப் பயிற்சி தேடித் திரிய வேண்டாம். ஒரு நாளைக்கு இரண்டு தரம், பதகளிப்பு இல்லாத நேரத்தில் பழகுங்கள். வெள்ளம் வந்த பிறகு நீச்சல் பழக ஏலாது.

ஐந்தாவது: குடும்பமாக இருப்பது

முதலில் ஒரு எச்சரிக்கை. வீட்டில் அடிக்கிற ஆள் இருந்தால் எல்லாரையும் சேர்த்து இருத்திக் கதைக்கக் கூடாது. அடிபடுகிறவர் அந்த அறையில் சொன்ன ஒரு வசனத்துக்கு வீட்டுக்குப் போய் அடி வாங்குவார். தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

அப்படி ஆபத்தில்லாத வீட்டில், குடும்ப அமர்வின் முதல் வேலை யார் எதைத் தாங்குகிறார் என்று பார்ப்பது. அப்பா கதைக்க மாட்டார். அம்மா அப்பாவுக்காகக் கதைப்பார். மூத்தவள் அம்மாவுக்காகச் சிரிப்பாள். சின்னவன் எல்லாருக்காகவும் குழப்படி செய்வான். சுவிஸில் இருக்கிற பெரியப்பா வட்ஸ்அப் கோலில் வந்து "காசு அனுப்புறன்தானே, பிறகென்ன பிரச்சினை" என்பார். அவரையும் ஒருநாள் கோலில் அமர்வுக்குள் எடுத்துப் பாருங்கள். பலமுறை அவர்தான் எல்லாரிலும் கூடக் காயப்பட்ட ஆள். பனிக்குள் தனிய நின்று வேலை செய்து, தாயின் செத்தவீட்டை லைவில் பார்த்தவர்.

பிள்ளைகளிடம் எவ்வளவு சொல்வது? ஒன்றும் தெரியாது என்று பெரியவர்கள் நினைக்கிற எல்லாம் அவர்களுக்கு அரைகுறையாகத் தெரியும், மிச்சத்தைக் கற்பனை நிரப்பும். கற்பனை உண்மையிலும் பயங்கரம். "அம்மாவுக்குப் பெட்டி கட்டினால் பழைய இடப்பெயர்வு ஞாபகம் வருது, அதுதான் கோவம் வந்தது. உன்னில பிழை இல்லை." எட்டு வயதுக்கு இது போதும். பதினாறு வயதுக்காரன் இன்னும் அதிகம் கேட்பான், கேட்டதற்கு மட்டும் சொல்லுங்கள். இரத்தமும் சதையுமாக வேண்டாம்.

மகனுக்குச் சொல்லாமல் விட்ட அந்த அம்மாவின் வீட்டில் குடும்பமாக ஒரு அமர்வுதான் நடந்தது. மகன் கேட்டது ஒரே கேள்வி: "அண்டைக்கு என்னத்தை விட்டிட்டு வந்தனீங்கள்?" அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தோசைக்கல்லு" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அழுதார்கள். நான் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவது: கதை, வேண்டுமானால்

நித்திரை ஓரளவு திரும்பி, பதற்றம் வந்தாலும் பத்து நிமிடத்தில் அமரத் தெரிந்த பிறகுதான் கதைக்குப் போகலாம். கைதேர்ந்தவரின் துணை இல்லாமல் தனியச் செய்ய வேண்டாம். விபரக்கதை வெளிப்பாட்டுச் சிகிச்சை என்று ஒரு முறை உண்டு. நிலத்தில் ஒரு கயிற்றை விரித்து, பிறந்த நாளிலிருந்து இன்றுவரை நல்லதுக்குப் பூவும் கெட்டதுக்குக் கல்லும் வைத்துக்கொண்டு போய், பிறகு ஒவ்வொரு கல்லாக எடுத்து, எங்கே, எப்போது, என்ன கண்டீர்கள், உடம்பில் என்ன வந்தது என்று ஆறுதலாகச் சொல்லி எழுதுவது. கல் மட்டும் நிறைந்தது என்று நினைத்த கயிற்றில் செவ்வரத்தை எத்தனை விழுகிறது என்று கண்டு வியந்தவர்கள் உண்டு. கண் அசைவோடு நினைவைப் பதப்படுத்தும் முறையும், மனவடுவை மையமாக வைத்த அறிகை நடத்தைச் சிகிச்சையும் (நினைக்கிற விதத்தையும் நடக்கிற விதத்தையும் மாற்றப் பழக்குவது) உலகளவில் நல்ல ஆதாரம் உள்ளவை.

2004 சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் 31 பிள்ளைகளோடு செய்த ஒரு ஆய்வு எனக்குப் பிடித்தது. பாதிப் பேருக்கு மேலே சொன்ன கதை சொல்லும் சிகிச்சை, மற்றப் பாதிக்குத் தியானமும் தளர்வும். ஆளுக்கு ஆறு அமர்வு. ஆறு மாதத்தின் பின் இரண்டு பக்கத்திலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறியிருந்தார்கள், பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வாய் திறந்தால்தான் மாறும் என்று யாராவது உங்களை நெருக்கினால் இதைச் சொல்லுங்கள்.

ஏழாவது: திரும்பி வராதவரும் வீட்டுக் கல்யாணமும்

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் வெளியூர்க் கைநூல்கள் இந்த இடத்தில் உதவுவது குறைவு. காணாமல் ஆக்கப்பட்டவரின் வீட்டில் ஒவ்வொரு நல்ல காரியமும் ஒரு வழக்கு. மகளுக்குக் கல்யாணம். அழைப்பிதழ் அச்சடிக்க வேண்டும். அப்பாவின் பெயருக்கு முன்னால் "அமரர்" போடுவதா, "திரு" போடுவதா? அச்சகத்துத் தம்பி கேட்டுவிட்டான். அம்மா பேனையைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டார். மணவறையில் தாரை வார்க்க ஆர் நிற்கிறது? அம்மா பொட்டு வைத்திருக்கிறார், போர் முடிந்த 2009 மே தொடக்கம் ஒரு நாள் தவறவில்லை. "சபைக்கு முன்னால் அவ நிக்கலாமோ?" என்று மாமி ஒருத்தி கேட்டது அம்மாவின் காதில் விழுந்துவிட்டது.

அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் இதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். ஆள் இல்லை, ஆனால் இல்லை என்று முடிவும் இல்லை. எட்டுச் செலவு இல்லை, அந்தியேட்டி இல்லை, ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போவதா என்றும் தெரியாது. நம்முடைய சடங்குகள் துக்கத்துக்கு நாள் குறித்து, ஊரைக் கூட்டி, ஒப்பாரி வைத்து அழ இடம் தருகிறவை. அந்தக் கதவு இவர்களுக்கு மூடியே கிடக்கிறது. ஆகவே "ஏற்றுக்கொள்ளுங்கோ, முடிஞ்சுது எண்டு நினையுங்கோ" என்பது துணையும் இல்லை, மருந்தும் இல்லை. அது தாயையே மகனின் கதையை முடிக்கச் சொல்வது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று கேட்டுப் பந்தல் போட்டு இருந்தவர்களிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள்.

இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்திருக்கப் பழகுவதுதான் இங்கே வேலை. "அவர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரண்டும் எங்கட வீட்டில இருக்கும். கல்யாணமும் நடக்கும்." அமர்வில் குடும்பம் முழுவதையும் இருத்தி, ஒவ்வொருவரும் என்ன நம்புகிறார் என்று மட்டும் சொல்லவைக்கிறோம். ஒருவர் இருக்கிறார் என்பார், ஒருவர் இல்லை என்பார். யாரும் யாரையும் திருத்தக் கூடாது. இந்த ஒரு விதியைக் காப்பாற்றினாலே பாதிச் சண்டை அடங்கும். பிறகு கல்யாணத்துக்கு வருகிறோம். அந்த வீட்டில் அழைப்பிதழில் அப்பாவின் பெயரை எந்த அடைமொழியும் இல்லாமல் வெறும் பெயராகப் போட்டார்கள். தாரை வார்க்கத் தாய்மாமனும் மாமியும் நின்றார்கள், அது ஊர் வழக்கந்தான். அம்மா பொட்டோடு முன் வரிசையில் இருந்தார். அவருக்குப் பக்கத்துக் கதிரையில் அப்பாவின் படம், மாலை போடாமல். மாலை வேண்டாம் என்று சொன்னது சின்ன மகன்.

காகித வேலையும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். 2016 இன் சட்டத் திருத்தத்தின் பிறகு, மரணச் சான்றிதழ் எடுக்காமல், ஆள் காணாமற் போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. எடுப்பதா விடுவதா என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு. காணி மாற்ற, வங்கிக் கணக்குத் தொட அது உதவலாம். ஆனால் படிவம் நிரப்பும் நாள் பொல்லாத நாள். தனிய விடாதீர்கள், ஆராவது கூடப் போங்கள், திரும்பி வரும்போது ஒரு தேத்தண்ணியாவது குடித்துவிட்டு வாருங்கள்.

மருந்து, நாட்காட்டி, நிறுத்துவது

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. மனச்சோர்வும் சேர்ந்து அழுத்தினால், அல்லது கதைத்துச் செய்கிற சிகிச்சை கிடைக்காவிட்டால், மனச்சோர்வு எதிர்ப்பு மாத்திரைகள் உதவும். வேலை செய்யத் தொடங்கச் சில கிழமை எடுக்கும், நீங்களாக நிறுத்தக் கூடாது. நித்திரைக் குளிசையைப் பாமசியில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போடுவது வேறு கதை, அது பழக்கமாகும்.

நாட்காட்டியில் உங்கள் வீட்டின் கனமான நாட்களை முன்கூட்டியே வட்டம் போடுங்கள். மே நடுப்பகுதி, ஒக்டோபர் கடைசி, ஆள் போன நாள், தீபாவளி வெடி, சுனாமி வந்த டிசெம்பர் 26. அந்தக் கிழமையில் கல்யாணப் பேச்சு, வீடு மாற்றம், கடன் கதை எடுக்காதீர்கள். அந்த நாட்களில் பழைய குணம் திரும்பினால் எல்லாம் வீண் என்று நினைக்க வேண்டாம். வந்துவிட்டுப் போகும், போகிற நேரம் வருடா வருடம் குறையும்.

எப்போது நிறுத்துவது? ஒரு அமர்வுக்கு வர மறந்துவிட்டு, "ஐயோ, இண்டைக்கு எண்டு ஞாபகமே வரேல்லை" என்று போன் எடுத்தால் எனக்குச் சந்தோசம். இடைவெளியைக் கிழமையிலிருந்து மாதமாக்கி, பிறகு விடலாம். அடுத்த மாற்றம் வரும்போது திரும்ப வரலாம் என்பதைச் சொல்லிவிட்டே விட வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன அந்த அம்மா ஏழு தரம் வந்தார். மகனின் பெட்டியைக் கடைசியில் அவர்தான் கட்டினார். மிளகாய்த்தூள், பனங்கட்டி, ஒடியல் மா, மீன் நிறுக்கிற தராசில் தூக்கிப் பார்த்து 23 கிலோவுக்குள். கட்டிலுக்குக் கீழே இருந்த பை இன்னும் அங்கேதான் இருக்கிறதாம். டோர்ச்சுக்குள் இருந்த பற்றரியை மட்டும் கழற்றி ரீவி றிமோட்டுக்குப் போட்டுவிட்டாராம்.